செருகுவாய்

நேற்றிரவு இடி
ஒண்டிக்கடைப் பக்கம் எங்கோ இறங்கி
செம்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டே
கூட்டுறவு வங்கிக்குள் நடந்து வந்திருக்கிறது.
ரவுட்டரின் இரண்டாம் அட்டையில் கரி.
மூக்கருகே வைத்துப் பார்த்தேன்,
கருகிய கிராம்பு வாசம்.

வாட்ச்மேன் சேர்வராயன் டார்ச் பிடித்தார்.
"உசுரு இருக்குதா?"
"உடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க,
ஒரு பல்லு போச்சு."
பல்லைப் பிடுங்கி வேறு பல் வைக்கலாம்
என்பதுதான் இந்தப் பெட்டியின் பெருமை.
இரண்டு திருகு, ஒரே இழுப்பு.

வெளியே வரிசை.
காப்பிப்பழம் பறித்த கூலி
வெள்ளிக்கிழமையே கணக்கில் ஏறிவிட்டது.
ஏறியதை இறக்கத்தான் வழியில்லை.
நாகலூரிலிருந்து நடந்தே வந்தவர்கள்
செருப்பைக் கழற்றி
அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

என் பையில் புது அட்டை இருந்தது, ஃபைபருக்கானது.
கண்ணாடி நூலில் இடி நடக்காது.
காலை ஆறு மணிக்கு
சேலம் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கியது.
வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது:
வாய் அகலம், அட்டை ஒடுக்கம்.
படிக்குள் உழக்கைப் போட்டதுபோல் ஆடியது.

தப்பு என்னுடையது.
எண்ணைப் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை.
நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரச் சட்டம்,
உள்ளே சுற்று ஏதுமில்லை, விளக்கும் இல்லை,
ஒடுக்கத்தை அகலத்தில் உட்காரவைப்பது ஒன்றே வேலை.
விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

சுவரோரம் ஒரே இடத்தில்தான் சிக்னல்.
செவ்வாய்ப்பேட்டை நிஜாமுதீன் எடுத்தார்.
"இருக்குது கண்ணு.
ஏலத்துல வந்த பெட்டிக்குள்ள ஒண்ணு கெடக்குது.
பன்னெண்டே கால் பஸ்ஸுல
கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பறேன்."

பெட்டகத்துக் கேமரா இதன் வழியேதான் ஓடுகிறது,
எனவே பெட்டியை மீண்டும் உயிர்ப்பித்தேன்.
திறந்த வாயை அப்படியே விடக்கூடாது.
உள்ளே போகவேண்டிய குளிர்காற்று
வந்த வழியே வெளியேறிவிடும்,
பக்கத்து அட்டைகள் காயும்.
பையிலிருந்த வெற்றுத் தகட்டை வைத்து மூடினேன்.
காலி இடத்துக்கும் கதவு கேட்கிற சாதி இது.

மேலாளர் மெர்சி கிளாரா
மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தார்.
"எப்ப வரும்?"
"பஸ் எந்த வளைவில இருக்குதோ, மேடம்."

அது வரிசையின் காதில் விழுந்துவிட்டது.
செங்கம்மாவின் மகன் ஜீப் ஓட்டுகிறவன்.
போன் போட்டாள்.
"ஆறாவது வளைவாம், பஸ்ஸுக்குப் பின்னாடிதான் வர்றானாம்."
அவ்வளவுதான்.
கூலிக்கு வந்தவர்கள் சட்டத்தை எண்ணத் தொடங்கினார்கள்.
ஒன்பது.
பதினொன்றில் சிமெண்ட் லாரி திணறுகிறது.
"அந்தாளு பின்னால எடுக்க மாட்டானா?"
பதினாலு.
பதினேழில் பனி, விளக்குப் போட்டு வருகிறான்.
அதற்குள் யாரோ எனக்கும் ஒரு டம்ளர் டீ நீட்டினார்கள்,
என் தப்பு தெரியாமல்.

இருபது.
ஜவ்வரிசிச் சாக்குத் துண்டில் சுற்றி
சணல் கட்டி வந்தது.
பிரிக்கும்போது விரலெல்லாம் வெள்ளை மாவு.
பேண்ட்டில் துடைத்துக்கொண்டு
பெட்டியை அணைத்து, சட்டத்தை நுழைத்து,
அட்டையை அதற்குள் தள்ளினேன்.
டிக்.
நகம் முறிவதைவிடச் சின்னச் சத்தம்.

பிறகு நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை.
மஞ்சள்.
மஞ்சள்.
சேர்வராயன் டார்ச்சை அணைக்க மறந்து நின்றார்.
பச்சை.

யாரும் கைதட்டவில்லை.
மெர்சி கிளாரா கவுண்டருக்கு ஓடினார்,
நாற்காலிக் கால் சிமெண்டில் கிறீச்சிட்டது,
செங்கம்மா பாஸ்புக்கை முந்தானையில் துடைத்தாள்.

மாலை இறங்கும்போது அதே கண்டக்டர்.
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகரவில்லை.
"மத்தியானம் ஒரு பொட்டலம் வந்துதுங்களே,
அதுக்கு முப்பது ரூபா."
கொடுத்தேன்.
பத்தாவது வளைவில் காது அடைத்தது.
மடியில், பைக்குள்,
கருகிய அட்டையும் வெற்றுத் தகடும்
உரசிக்கொண்டே வந்தன.